பொரிக்காமலும் கொரியக் கோழி உண்டு



வெள்ளிக்கிழமை இரவு உணவைக் குடும்பத்தார் அனைவரும் ஒரே ஸஹனைச் சுற்றி அமர்ந்து உண்பது எங்கள் இல்லத்தின் நெடுநாள் வழக்கம். வாரம் முழுவதும் ஆளுக்கொரு நேரத்தில் அரக்கப்பரக்க உண்டு எழும் பிள்ளைகள், அந்த ஓர் இரவிலாவது வாப்பாவின் தோளோடு தோள் உரச அமர்வார்கள். அந்த வழக்கத்திற்கு ஒருநாள் இடையூறு வந்தது. வந்தது வெளியிலிருந்து அன்று. இரத்தப் பரிசோதனைத் தாள் ஒன்றின் உருவில் வந்தது. கொழுப்பு அளவுக்கு மேல் இருப்பதாகவும், பொரித்த பண்டங்களை அறவே நிறுத்த வேண்டும் என்றும் மருத்துவர் என் கணவரிடம் கூறிவிட்டார்.

அதே வாரத்தில்தான் மகளுக்குக் கொரிய நாட்டுக் கோழியின்மீது ஆசை பிறந்தது. கொரியத் தொடர்களில் மாந்தர் கூடி அமர்ந்து, செக்கச் சிவந்த கோழித் துண்டுகளை மொறுமொறுவெனக் கடித்து உண்பதை அவள் பார்த்திருக்கிறாள். "உம்மா, இந்த வெள்ளிக்கு அதைச் செய்து தாங்களேன்" என்று கேட்டாள். பொரித்து வைத்தேன். பிள்ளைகள் ஸஹனில் அமர்ந்தார்கள். அவர்களுடைய வாப்பா, "நீங்கள் உண்ணுங்கள்" என்று சொல்லிவிட்டுத் தனித் தட்டில் சப்பாத்தியுடன் ஓரமாக அமர்ந்தார். மகள் இரண்டு துண்டுகளோடு எழுந்துவிட்டாள். அன்று மிஞ்சிய கோழியைவிட அந்த மௌனமே என் மனத்தை அறுத்தது.

பிள்ளைகளின் ஆசையை மறுப்பதா? நோயாளியைத் தனியே அமர்த்துவதா? இவ்விரண்டைத் தவிர வேறு வழியே இல்லையா? இந்தக் கேள்வியோடு தேடியபோதுதான், விடை கொரிய நாட்டிலேயே இருப்பதை அறிந்தேன். அங்கே கோழியைப் பொரிப்பதற்கு முன்பே சுட்டு உண்டிருக்கிறார்கள். இன்றும் சுட்டு உண்கிறார்கள். அதைத் தங்களோடு பகிர்ந்து கொள்ளவே இக்கட்டுரை.

முதலில் வந்தது சுட்ட கோழியே

கொரியர்களின் பழைய சமையலில் கோழி பெரும்பாலும் நீரில் வெந்தது. இளங்கோழியின் வயிற்றில் பசையரிசியும் பூண்டும் பேரீச்சை போன்ற இலந்தையும் வைத்து, ஜின்செங் என்னும் வேரோடு கொதிக்கவிட்டு எடுக்கும் சாம்க்யேதாங் என்னும் சாற்றை, கோடையின் மிகக் கொடிய வெயில் நாள்களில் இன்றும் அவர்கள் விரும்பி அருந்துகிறார்கள்.

1950 முதல் 1953 வரை நடந்த போரினால் அந்நாடு சிதைந்து கிடந்தது. மெல்ல நிமிர்ந்து எழுந்த 1960-களில், தலைநகர் சியோலின் மியோங்தொங் கடைவீதியில் மின்சார அடுப்பில் முழுக் கோழியைச் சுழலவிட்டுச் சுட்டு விற்கும் கடைகள் தோன்றின. நம் ஊர்களில் மாலை வேளையில் கடை வாசலில் கம்பியில் சுழலும் கிரில் கோழியைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அதே காட்சிதான். முழுக் கோழி என்னும் பொருள்படத் தொங்தாக் என்று அதை அழைத்தார்கள். சம்பள நாளன்று தந்தை பழுப்புநிறக் காகிதப் பையில் ஒரு தொங்தாக்கை வாங்கிவர, பிள்ளைகள் உறக்கத்திலிருந்து எழுந்து சுற்றி அமர்வார்கள். அந்தத் தலைமுறைக் கொரியர்கள் இன்றும் நெகிழ்ந்து நினைவுகூரும் காட்சி இது.

அப்படியானால் பொரித்த கோழி எப்போது வந்தது? பொரிப்பதற்கு நிறைய எண்ணெய் வேண்டும். அது எளியோர் வீட்டுப் பொருளாக அப்போது இல்லை. 1970-களில் சமையல் எண்ணெய் தொழிற்சாலைகளில் பெருமளவில் தயாராகத் தொடங்கிய பிறகே பொரித்தல் பரவியது. 1977-இல் சியோலின் பேரங்காடி ஒன்றில் லிம்ஸ் சிக்கின் என்னும் கடை திறக்கப்பட்டது. பொரித்த கோழிக்கெனக் கிளைகள் பரப்பிய கொரிய நிறுவனங்களில் முதலாவதாக அதைச் சொல்வார்கள். 1980-களில் காரமும் இனிப்பும் பூண்டும் கலந்த செந்நிறச் சாந்தைப் பொரித்த துண்டுகளின்மீது பூசும் யாங்னியோம் வகை புகழ் பெற்றது. 1984-இல் அமெரிக்காவின் கே.எஃப்.சி. அங்கே கால் வைத்தது. 1997-இன் பொருளாதார நெருக்கடியில் வேலை இழந்த பலர், கையிலிருந்த சேமிப்பைப் போட்டுக் கோழிக் கடை வைத்தார்கள். தெருவுக்குத் தெரு கடைகள் பெருகின. இன்று சிக்கின் என்று ஒரு கொரியர் சொன்னால், அது பொரித்த கோழியையே குறிக்கும் அளவுக்கு அச்சொல் ஊன்றிவிட்டது.

ஆனால் செல்வம் சேர்ந்த இடத்தில் உடல்நலக் கவலையும் சேர்ந்தது. 2000-களில் எண்ணெயைப் பற்றியும் கொழுப்பைப் பற்றியும் கொரியர்கள் பேசத் தொடங்கினார்கள். அந்த வேளையில், 2005-இல், கூப்னே என்னும் நிறுவனம் ஓவனில் சுட்ட கோழியையே தன் சிறப்பாகக் கொண்டு புறப்பட்டது. சுடுதல் என்னும் பொருளுள்ள கொரியச் சொல்லிலிருந்து பிறந்ததே அதன் பெயர். பிற நிறுவனங்களும் சுட்ட வகைகளைத் தங்கள் பட்டியலில் சேர்த்தன. பாட்டனார் சுழலவிட்டுச் சுட்டதைப் பேரப்பிள்ளைகள் ஓவனில் வைத்துச் சுட்டார்கள், அவ்வளவுதான். ஆகவே, "சுட்டது அசல் கொரியக் கோழி ஆகாது" என்று தங்கள் பிள்ளைகள் வாதிட்டால், இந்த வரலாற்றைச் சொல்லுங்கள்.

எண்ணெயில் நடப்பதும் ஓவனில் நடப்பதும்

கொதிக்கும் எண்ணெயில் கோழியை இட்டவுடன் சடசடவென எழும் ஓசை எதனால்? இறைச்சியிலும் மாவிலும் உள்ள ஈரம் ஆவியாகிச் சீறி வெளியேறுகிறது. ஈரம் போன இடமெல்லாம் நுண்ணிய துளைகள் ஆகின்றன. துண்டை வெளியே எடுத்து ஆறவிடும்போது, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை அந்தத் துளைகள் உள்ளிழுத்துக் கொள்கின்றன. கொரியக் கடைகளில் மாவை மெல்லியதாகப் பூசி, ஒருமுறை பொரித்து, சற்று ஆறவிட்டு மறுமுறையும் பொரிப்பார்கள். அந்த மொறுமொறுப்பின் இரகசியம் அதுவே.

ஓவனில் நடப்பது வேறு. அங்கே சூடான உலர்ந்த காற்று கோழியைச் சூழ்கிறது. தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு உருகுகிறது. கம்பித் தட்டின்மீது வைத்தால் உருகியதில் ஒரு பகுதி கீழே சொட்டிவிடுகிறது. எஞ்சியது தோலைத் தானே வறுத்து மொறுமொறுப்பாக்குகிறது. கோழி தன் சொந்தக் கொழுப்பிலேயே வறுபடுகிறது என்று சொன்னால் மிகையாகாது.

இதில் இல்லத்தரசிகளுக்கு மற்றொரு நன்மையும் உண்டு. பொரித்தபின் வாணலியில் மிஞ்சும் எண்ணெயை வீசி எறிய நமக்கு மனம் வருவதில்லை. மறுநாள் குழம்புத் தாளிப்பு, அதற்கு மறுநாள் அப்பளம் என்று அதையே திரும்பத் திரும்பக் காய்ச்சுகிறோம். மீண்டும் மீண்டும் காயும் எண்ணெய் சிதைந்து, உடலுக்குத் தீங்கான பொருள்கள் அதில் சேர்கின்றன. இதனால்தான், எண்ணெய் எந்த அளவுக்குச் சிதைந்துவிட்டால் அதை மேலும் பயன்படுத்தக் கூடாது என்பதற்கு இந்திய உணவுப் பாதுகாப்புத் துறை வரம்பு வகுத்து, 2018 ஜூலை முதல் நடைமுறைப்படுத்தியது. கடைக்காரருக்கு விதி உண்டு. நம் அடுக்களைக்கு நாமே விதி. ஓவனில் சுட்டால் அந்த மிச்ச எண்ணெய் என்ற பேச்சே எழாது.

கணக்குப் பார்ப்போம்

"சுட்டதுதானே, எவ்வளவு வேண்டுமானாலும் உண்ணலாம்" என்று எண்ணி விடாதீர்கள் சகோதரிகளே! இங்கேதான் பலரும் ஏமாந்து போகிறோம். அமெரிக்க வேளாண்மைத் துறையின் உணவு அட்டவணையில் உள்ள கணக்கு இது. மாவு பூசித் தோலோடு பொரித்த கோழி இறைச்சி 100 கிராமில் ஏறத்தாழ 290 கலோரியும் 17 கிராம் கொழுப்பும் உள்ளன. தோலோடு சுட்ட கோழியில் ஏறத்தாழ 240 கலோரியும் 14 கிராம் கொழுப்பும் உள்ளன. தோல் நீக்கிய சுட்ட இறைச்சியிலோ 190 கலோரியும் 7 கிராம் கொழுப்பும்தான்.

இதை ஒருவரின் தட்டில் வைத்துப் பாருங்கள். எலும்பு நீக்கி 250 கிராம் இறைச்சி உண்பதாகக் கொண்டால், பொரித்ததிலிருந்து சுட்டதற்கு மாறுவதால் மிச்சமாகும் கொழுப்பு சுமார் 8 கிராம். அதாவது இரண்டு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவான எண்ணெய். சுட்டபின் தோலையும் நீக்கிவிட்டால் மிச்சமாவது சுமார் 25 கிராம். ஐந்து தேக்கரண்டிக்கும் மேல்! ஆக, ஓவன் பாதி வழிதான் அழைத்துச் செல்கிறது. மீதி வழியை நம் கை கடக்க வேண்டும். தோலோடு சுட்டால் இறைச்சி காய்ந்து போகாமல் மென்மையாக இருக்கும். உண்ணும்போது நோயாளியின் பங்கில் மட்டும் தோலை உரித்து வைத்தால் போதுமானது.

இன்னொரு மறைமுக எதிரி, மேலே பூசும் சாந்து. ஒரு மேசைக்கரண்டித் தேனில் சுமார் 17 கிராம் சர்க்கரை உள்ளது. ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் இரண்டு கிராமுக்கு மேல் உப்பு உள்ளது. நாளொன்றுக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. எண்ணெயை ஒழித்துவிட்ட மகிழ்ச்சியில் சாந்தைக் கிண்ணம் கிண்ணமாக ஊற்றினால், இரத்த அழுத்தமும் நீரிழிவும் உள்ளோர்க்கு நன்மை எங்கிருந்து வரும்?

ஹலாலும் தூய்மையும்

கடையில் விற்கும் கொரியக் கோழியை வாங்கும்முன் மூன்றைக் கவனிக்க வேண்டும். முதலாவது, கோழி ஹலாலான முறையில் அறுக்கப்பட்டதா என்பது. இதை விளக்க வேண்டியதில்லை. இரண்டாவது, கோழியின் வாடை போக்கக் கொரியச் சமையலில் சிலர் அரிசி மதுவையோ, மது கலந்த சமையல் நீரையோ ஊற்றி ஊறவைப்பது உண்டு. மூன்றாவது, கோச்சூஜாங் என்னும் செம்மிளகாய் விழுது. மிளகாய்த் தூள், பசையரிசி, புளிக்கவைத்த சோயா, முளைகட்டிய பார்லி, உப்பு ஆகியவற்றைச் சேர்த்துப் பக்குவப்படுத்துவது அது. தொழிற்சாலைத் தயாரிப்புகள் பலவற்றில், கெடாமல் இருக்க ஆல்கஹாலையும் சேர்க்கிறார்கள். எனவே புட்டியின்மீது அச்சிட்டிருக்கும் பொருள் பட்டியலைப் படிக்காமல் வாங்காதீர்கள். ஹலால் முத்திரை பெற்றவையும் விற்பனைக்கு உண்டு. ஐயம் எழுந்தால் தங்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

கொரியாவிலும் நம் சகோதரர்கள் இந்தச் சிக்கலோடுதான் வாழ்கிறார்கள். போரின்போது அங்கே வந்த துருக்கிய வீரர்கள் வாயிலாகக் கொரியர் சிலர் இஸ்லாத்தை அறிந்தார்கள். 1976-இல் சியோலின் இத்தேவோன் பகுதியில் மேட்டின்மீது பெரிய பள்ளிவாசல் திறக்கப்பட்டது. அதைச் சுற்றிய தெருக்களில் ஹலால் இறைச்சிக் கடைகளும் உணவகங்களும் உருவாயின. பொதுக் கடைகளிலோ, கோழியோடு பீர் அருந்துவது அந்நாட்டில் ஊறிப்போன வழக்கம். இரண்டின் பெயரையும் இணைத்துச் சிமேக் என்றே ஒரு சொல் உண்டு. தொடர்களில் நம் பிள்ளைகள் பார்ப்பது கோழியை மட்டுமன்று, அந்தக் குவளையையும்தான் என்பதைப் பெற்றோர் மறந்துவிடலாகாது. கோழியை நம் வீட்டுக்குள் அழைப்போம். குவளையை வாசலிலேயே நிறுத்துவோம். பிள்ளைகளிடம் இதைக் கடிந்து சொல்லாமல், கோழி வெந்துகொண்டிருக்கும் வேளையில் பேச்சோடு பேச்சாகச் சொல்லலாம்.

மகிழ்ச்சி தரும் செய்தி ஒன்று உண்டு. வாடை போக்க மதுதான் வேண்டும் என்பதில்லை. கோழியைப் பாலில் ஊறவைத்து வாடை நீக்குவதும் கொரிய இல்லங்களில் வழக்கமே. நமக்கான வழி அவர்கள் அடுக்களையிலேயே இருக்கிறது.

செய்முறை

நால்வருக்குத் தோலோடு கூடிய கோழி 1 கிலோ போதும். கடைக்காரரிடம் தோல் உரிக்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். கால், தொடை, இறக்கைப் பகுதிகள் இதற்கு ஏற்றவை.

கோழித் துண்டுகளை ஒரு குவளைப் பாலில் அரை மணி நேரம் ஊறவைத்து, பாலை வடித்துக் கொட்டிவிடுங்கள். தூய துணியால் ஈரம் சிறிதும் இன்றி ஒற்றி எடுங்கள். இதில் சோம்பல் கூடாது. ஈரம் இருந்தால் தோல் வேகுமேயன்றி மொறுமொறுக்காது. உப்பு 1 தேக்கரண்டி, மிளகுத் தூள் அரைத் தேக்கரண்டி, இஞ்சி பூண்டு விழுது 1 மேசைக்கரண்டி ஆகியவற்றைத் தடவி, குளிர்பதனப் பெட்டியில் இரண்டு மணி நேரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் சோளமாவு 2 மேசைக்கரண்டியுடன் பேக்கிங் பவுடர் அரைத் தேக்கரண்டி கலந்து, துண்டுகளின்மீது மெல்லிதாகத் தூவிப் புரட்டுங்கள். பேக்கிங் பவுடர் தோல் நன்கு சிவக்கத் துணை செய்யும்.

ஓவனை 200 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம் முன்கூட்டியே சூடாக்குங்கள். கம்பித் தட்டில் துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்கி, சொட்டும் கொழுப்பை ஏந்த அடியில் ஒரு தட்டு வையுங்கள். 25 நிமிடம் கழித்துத் திருப்பிப் போட்டு, மேலும் 15 முதல் 20 நிமிடம் சுடுங்கள். தடித்த பகுதியில் கத்தியால் குத்தினால் இரத்தநிறம் இன்றித் தெளிந்த சாறு வர வேண்டும். வெப்பமானி உள்ளோர், எலும்பில் படாமல் இறைச்சியின் நடுவே 74 டிகிரி காட்டுகிறதா என்று பாருங்கள்.

சாந்துக்கு: பூண்டு 4 பல் பொடியாக நறுக்கி 1 தேக்கரண்டி எண்ணெயில் வதக்குங்கள். ஹலால் கோச்சூஜாங் 1 மேசைக்கரண்டி சேருங்கள். அது கிடைக்காவிட்டால் காஷ்மீர் மிளகாய்த் தூள் 1 மேசைக்கரண்டியும் தக்காளி விழுது 1 மேசைக்கரண்டியும் சேர்க்கலாம். சுவை முற்றிலும் ஒன்றாக இராது. ஆயினும் நன்றாகவே இருக்கும். சோயா சாஸ் 2 தேக்கரண்டி, காடி 1 மேசைக்கரண்டி, தேன் 1 மேசைக்கரண்டி, நீர் 4 மேசைக்கரண்டி ஊற்றிக் கெட்டியாகும்வரை கொதிக்கவிடுங்கள். சாந்தைத் தொடக்கத்திலேயே பூசினால் அதில் உள்ள இனிப்பு கருகிவிடும். கோழி வெந்தபின் மெல்லிதாகப் பூசி, ஐந்து நிமிடம் மட்டும் மீண்டும் ஓவனில் வைத்து எடுங்கள். தோல் உரித்து உண்போருக்கெனச் சிறிதளவு சாந்தைத் தனியே எடுத்து வையுங்கள். வறுத்த எள்ளும் வெங்காயத் தாளும் தூவினால் கண்ணுக்கும் விருந்து.

ஓவன் இல்லாதோர் மனம் தளர வேண்டாம். அடி கனத்த வாணலியில் எண்ணெய் ஊற்றாமல், தோல் அடியில் படும்படி துண்டுகளை அடுக்கி, இளந்தீயில் மூடி வையுங்கள். தோலின் கொழுப்பு உருகித் தானே வறுபடும். அவ்வப்போது திருப்பிவிட்டு, வெந்தபின் மூடியை நீக்கிச் சிவக்க விடுங்கள். உருகித் தேங்கிய கொழுப்பை வடித்துவிட்டுப் பிறகு சாந்து பூசுங்கள்.

உடன் உண்ண, கொரியர்கள் வெள்ளை முள்ளங்கியைச் சிறு சதுரங்களாக நறுக்கிக் காடியிலும் சர்க்கரையிலும் ஊறவைப்பார்கள். முந்தைய நாளே நறுக்கி, காடியும் நீரும் சம அளவில் ஊற்றி, உப்பும் சர்க்கரையும் சிறிதளவே இட்டு வையுங்கள். காடி சிறந்த குழம்பு என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பாராட்டியதை நாம் அறிவோம். அந்தப் புளிப்பு நாவை விழிக்கச் செய்யும். கோழியின் அளவையும் குறைக்கும்.

மீண்டும் ஒரே ஸஹன்

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இருமுறை பொரித்த கோழியின் மொறுமொறுப்பு சுட்ட கோழியில் முழுமையாக வராது. முதல் முறை என் மகன் அதைச் சொல்லிக் காட்டினான். "வாப்பாவும் நம்மோடு உண்ண வேண்டும் என்றால் இதுதான்" என்றேன். அவன் மறுபேச்சுப் பேசவில்லை.

அந்த வெள்ளி இரவு ஸஹன் மீண்டும் முழுமை பெற்றது. என் கணவர் "பிஸ்மில்லாஹ்" என்று கூறித் தம் பக்கத்திலிருந்த துண்டை எடுத்தார். மகள் அவர் கையிலிருந்து அதை வாங்கி, தோலை உரித்துவிட்டு, தனியே வைத்திருந்த சாந்தில் சிறிது தடவித் திருப்பிக் கொடுத்தாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அடுக்களையில் நான் கணக்குப் போட்டதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். மாதத்தில் இரண்டு வெள்ளிகள் மட்டும், ஆளுக்கு இரண்டு மூன்று துண்டுகள், நிறைய முள்ளங்கி என்பது இப்போது எங்கள் இல்லத்தின் வழக்கம்.

சகோதரிகளே! ஹலாலானது என்பதோடு நல்லது, தூய்மையானது என்பதையும் சேர்த்தே தேடும்படி நமக்குக் கட்டளை இடப்பட்டிருக்கிறது. உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைப் பேணுவது பெரும்பாலும் நம் அடுக்களையில்தான் நடக்கிறது. அடுத்த முறை தங்கள் பிள்ளைகள் கொரியக் கோழி கேட்டால் மறுக்காதீர்கள். எண்ணெய்ச் சட்டியையும் தேடாதீர்கள். சுட்டு வையுங்கள், அனைவரும் சேர்ந்து அமருங்கள். வல்ல அல்லாஹ் நம் இல்லங்களில் பரகத்தையும் நல்ல உடல்நலத்தையும் நிலைக்கச் செய்வானாக! ஆமீன்.